களத்திலேயே இருப்பதா, முனைவர் பட்டத்துக்குப் போவதா? ஜனநாயக உதவிப் பணியில் இருப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

கட்சிகளின் வாக்குச்சாவடி முகவர்களுக்கு நடத்திய பயிற்சிப் பட்டறை முடிந்த ஒரு மாலை. வருகைத் தாள்களை வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தேன். காலாண்டு அறிக்கையில் 'பயிற்சி பெற்றவர்கள்: 120' என்று ஒரு கட்டம் இருந்தது, அதை நிரப்பியாக வேண்டும். 11 பேருடைய கையெழுத்து முந்தைய இரண்டு பட்டறைகளின் தாள்களிலும் இருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. ஒருவர் மூன்று தாளிலும் ஒரே பச்சைப் பேனாவால் போட்டிருந்தார். அறிக்கையில் அவர்கள் மும்மூன்று முறை எண்ணப்பட்டார்கள். விதிப்படி அது தப்பும் இல்லை. படிவம் கேட்டது வருகையைத்தான், ஆளை இல்லை. இந்தப் பயிற்சியால் வாக்கு எண்ணும் மேசையில் ஏதாவது மாறியதா என்று எழுத அந்தப் படிவத்தில் இடமே கிடையாது.

எனக்கு பிஎச்டி எண்ணம் வந்தது அந்த மேசையில்தான். தேர்தல் கண்காணிப்பு, கட்சிப் பயிற்சி, குடிமைச் சமூக நிதியுதவி என்று இந்தத் துறையில் வேலை செய்யும் பலருக்கும் இப்படி ஒரு மாலை இருக்கும். ஆனால் 2025க்குப் பிறகு என்னிடம் வழி கேட்பவர்களில் பாதிப் பேர் வேறு காரணத்தோடு வருகிறார்கள். அந்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. மார்ச்சில், அந்த உதவியை வழங்கிவந்த அரசு அமைப்பான யுஎஸ்எய்டின் திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்று வெளியுறவு அமைச்சர் அறிவித்தார். ஜூலை 1 அன்று அந்த அமைப்பின் மிச்சம் மீதி வெளியுறவுத் துறைக்குள் போய்விட்டது. 1983இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜனநாயகத்துக்கான தேசிய அறக்கட்டளை, தனக்கு ஒதுக்கப்பட்ட பணத்தைக் கேட்டு நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. அதன் துணை நிறுவனங்கள் பெருவாரியாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பின.

ஆகவே இப்போது வரும் கேள்வி, "வேலை போய்விட்டது, பிஎச்டிக்குப் போகட்டுமா?" பழைய கேள்வி, "வேலை இருக்கிறது, ஆனால் மனது உறுத்துகிறது, போகட்டுமா?" இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. அதனால்தான் முதலில் அளவுகோல்களைச் சொல்லிவிட்டு வழிகளுக்கு வருகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

கேள்வி எவ்வளவு பழுத்திருக்கிறது? என் கணக்கில் பாதிக்கு மேல் எடை இதற்குத்தான். பலரிடம் கேள்வி இருக்காது, மனக்குறைதான் இருக்கும். 'நன்கொடையாளர்களுக்குக் களம் புரிவதில்லை' என்பது மனக்குறை. 'நிதிக்காகப் போட்டி போடும் அமைப்புகள் ஏன் ஆட்சியாளரைச் சீண்டாத திட்டங்களையே எழுதுகின்றன?' என்பது கேள்வி. சாரா புஷ் என்ற அரசியல் அறிவியலாளர் ஏறக்குறைய இதைத்தான் எடுத்துக்கொண்டு, பல வருட நிதி ஒதுக்கீடுகளைத் தொகுத்து ஆராய்ந்து, 2015இல் புத்தகமாகவே போட்டார். நம் அலுவலகங்களில் தேநீர் இடைவேளைகளில் பேசிச் சலித்த விஷயம்தான். அது நிரூபணமாக மாற இன்னொரு வகை உழைப்பு தேவைப்பட்டது.

இன்னோர் உதாரணத்தை நான் அடிக்கடி சொல்வேன். 2003 ஆர்மீனிய அதிபர் தேர்தலில் எந்தப் பார்வையாளர் எந்தச் சாவடிகளுக்குப் போவது என்று போட்ட பட்டியல், அந்த ஊர்களின் அரசியல் சாய்வைப் பார்த்துப் போடப்பட்டதல்ல, கிட்டத்தட்டக் குலுக்கல் மாதிரி அமைந்திருந்தது. சூசன் ஹைட் என்ற அரசியல் அறிவியலாளர் அதைக் கவனித்தார். பார்வையாளர் போன சாவடிகளையும் போகாத சாவடிகளையும் ஒப்பிட்டார். பதவியில் இருந்தவருக்கு முதல் சுற்றில் விழுந்த வாக்கு, பார்வையாளர் போன இடங்களில் சுமார் 6 சதவீதப் புள்ளி குறைவாக இருந்தது. பார்வையாளர் இருப்பதே மோசடியைக் குறைக்கும் என்பதற்கு அது வலுவான சான்றானது. அந்த மாதிரிப் பட்டியலை நாம் எத்தனை முறை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறோம்! நம் கண்ணுக்குப் பட்டது ஓட்டுநரின் பெயரும் புறப்படும் நேரமும்தான்.

மாதா மாதம் பணம் எங்கிருந்து வரும்? சம்பளமா, உதவித்தொகையா, சேமிப்பா. கூடவே ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, வீட்டில் மற்றவரின் வருமானம்.

எத்தனை வருடம், எந்த வயதில்? 28 வயதில் ஆறு வருடம் என்பதும் 41 வயதில் ஆறு வருடம் என்பதும் ஒன்றல்ல.

களத்தில் சம்பாதித்தது எவ்வளவு செல்லுபடியாகும்? தொடர்புகள், மொழி, நிலவரம் பற்றிய உள்ளறிவு ஆகியவற்றை அந்த வழி பயன்படுத்திக்கொள்கிறதா, ஓரமாக வைக்கச் சொல்கிறதா?

திரும்பி வர முடியுமா? முடித்த பிறகோ பாதியில் விட்டாலோ பழைய துறையில் ஓர் இடம் இருக்குமா?

## வழி 1: களத்திலேயே நீடிப்பது

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைத் தள்ளிவிடலாம். இந்தத் துறையைப் பற்றிச் சிந்திக்க முனைவர் பட்டம் கட்டாயம் என்று எதுவும் இல்லை. ஜனநாயக உதவியைப் பற்றி எழுதியவர்களில் அதிகம் மேற்கோள் காட்டப்படுபவர்களில் ஒருவர் தாமஸ் கரோதர்ஸ். அவர் படித்தது சட்டம். அமெரிக்க வெளியுறவுத் துறையில் வழக்கறிஞராக இருந்தவர், பிறகு கார்னகி சர்வதேச அமைதி அறக்கட்டளை என்ற ஆய்வு நிறுவனத்துக்குப் போய் எழுதினார். சர்வாதிகாரத்திலிருந்து விலகும் நாடெல்லாம் ஜனநாயகத்தை நோக்கித்தான் போகிறது என்ற அனுமானத்தை 2002இல் ஒரு கட்டுரையில் போட்டு உடைத்தார். அரசியல் அறிவியல் மாணவர்கள் இன்றும் அதைப் படிக்காமல் தாண்ட முடியாது.

நீடிப்பதன் பலம் வெளிப்படையானது. தேர்தல் இரவில் வேகக் கணக்கெடுப்பின் (மாதிரிச் சாவடிகளின் முடிவை வைத்து மொத்த முடிவைக் கணிப்பது) எண்கள் ஒவ்வொரு மாவட்டமாக வந்து விழும் அறையில் நீங்கள் இருக்கிறீர்கள். ஆராய்ச்சியாளர் அந்த அறைக்கு மூன்று வருடம் கழித்து, கோப்பு வழியாகத்தான் வருவார்.

மறைவான செலவு வேறு மாதிரி. ஒப்பந்தங்கள் திட்டத்தோடு பிறந்து திட்டத்தோடு முடிகின்றன. ஒவ்வொரு தேர்தலும் புதிய நாடு, புதிய படுக்கை. பத்து வருடம் உழைத்த பிறகு கையில் இருப்பது மற்றவர் பெயரில் வெளிவந்த அறிக்கைகள். 2025க்கு முன்பு இதைத் தாங்கிக்கொள்ளலாம், அடுத்த திட்டம் எப்படியும் வரும் என்று இருந்தது. இப்போது அந்த உறுதி இல்லை. ஐரோப்பியப் பணத்தில் ஓடும் அமைப்புகளும், 1995இல் தொடங்கிய ஸ்டாக்ஹோம் இன்டர்நேஷனல் ஐடியா போன்ற பல அரசுகள் சேர்ந்த நிறுவனங்களும் இருக்கின்றன. ஆனால் காலியான எல்லா நாற்காலிகளுக்கும் அவை ஈடாகாது.

யாருக்கு இது நல்லது? முடிவெடுக்கும் இடத்துக்கு அருகில் இருப்பதுதான் உங்களுக்கு உயிர் என்றால். குடும்பத்தின் ஒரே வருமானம் உங்களுடையது என்றால். அப்புறம், உங்களிடம் இருப்பது மனக்குறைதான், கேள்வி இன்னும் பிறக்கவில்லை என்றால்.

## வழி 2: அமெரிக்க முனைவர் படிப்பு

கேள்வி பாதி பழுத்தவர்களுக்கான இடம் இது. சேரும்போது முழு ஆய்வுத் திட்டம் கேட்க மாட்டார்கள், நோக்க அறிக்கையும் எழுத்து மாதிரியும் பரிந்துரைக் கடிதங்களும் போதும். முதல் இரண்டு வருடம் வகுப்புகள், அதில் புள்ளியியல், காரணகாரிய ஆய்வு, விளையாட்டுக் கோட்பாடு (ஒருவர் முடிவு மற்றவர் முடிவைச் சார்ந்திருக்கும் நிலைகளின் கணிதம்) எல்லாம் வரும். அதன் பிறகு துறைத் தேர்வு, முன்வரைவு, களஆய்வு, எழுத்து. ஐந்து வருடம் என்று சொல்வார்கள், ஆறு என்றே திட்டமிடுங்கள். நல்ல துறைகளில் கல்விக் கட்டணம் கிடையாது, உதவித்தொகை உண்டு, பதிலுக்குக் கற்பித்தல் உதவி செய்ய வேண்டும்.

கணித அடிப்படை தேய்ந்துபோயிருக்கும் களப்பணியாளர்களுக்கு அந்த இரண்டு வருடம் பெரிய வரம். 2008இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு, ஜனநாயக உதவித் திட்டங்களையே குலுக்கல் முறையில் (யாருக்குத் திட்டம், யாருக்கு இல்லை என்பதைக் குலுக்கிப் போட்டு, பிறகு ஒப்பிட்டு) மதிப்பிட முடிந்த இடங்களில் அப்படிச் செய்யுங்கள் என்று யுஎஸ்எய்டுக்குப் பரிந்துரைத்தது. அதன் பிறகு இந்தத் துறையில் 'வேலை செய்ததா?' என்ற கேள்வியைக் கேட்கும் மொழியே மாறிவிட்டது. அந்த மொழி தெரியாமல் உள்ளே போனால் முதல் கருத்தரங்கிலேயே திணறுவீர்கள்.

இனி மறைவான செலவுகள். முதலாவது, விண்ணப்பம். பெரும்பாலான காலக்கெடு டிசம்பரில். கடிதங்களில் குறைந்தது இரண்டு பேராசிரியர்களிடமிருந்து வர வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். பத்து வருடம் முன்பு பாடம் எடுத்தவர் உங்களை மறந்திருப்பார். உங்கள் நாட்டு இயக்குநர், அதாவது அந்த நாட்டு அலுவலகத்தின் தலைவர், எழுதும் கடிதம் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும், 'இவர் சுறுசுறுப்பானவர்' என்பதைத் தாண்டி சேர்க்கைக் குழுவுக்கு ஒன்றும் சொல்லாது. இரண்டாவது, விசா. எஃப்-2 விசாவில் கூட வரும் கணவரோ மனைவியோ வேலை செய்ய முடியாது. இதைப் பலர் சேர்க்கைக் கடிதம் வந்த பிறகுதான் கவனிக்கிறார்கள். மூன்றாவது, இடங்கள். 2025 முதல் சில பல்கலைக்கழகங்கள் முனைவர் சேர்க்கையைக் குறைத்திருக்கின்றன. உதவி நிறுவனத்தில் பணம் வறண்டது என்று ஓடிவந்தால் அதே வறட்சி இங்கேயும் எதிரே வருகிறது.

நான்காவதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. நேற்றுவரை உங்களுக்கு வண்டி இருந்தது, ஓட்டுநர் இருந்தார், தூதர் கைகுலுக்கினார். இன்று 23 வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நிகழ்தகவு வீட்டுப்பாடம் செய்கிறீர்கள், அவர்கள் உங்களைவிட வேகமாக முடிக்கிறார்கள். களக் கதை ஒன்றை எடுத்துவிட்டால் மேசையைச் சுற்றி மரியாதையான அமைதி. பிறகு ஒருவர், "சரி, இது எதற்கு எடுத்துக்காட்டு?" என்று கேட்பார். முதல் வருடம் அந்தக் கேள்வி எரிச்சலாக இருக்கும். மூன்றாம் வருடம் நீங்களே மற்றவரைக் கேட்பீர்கள்.

30ஐ ஒட்டிய வயது, கல்வித்துறையில் பேராசிரியர் வேலைதான் குறி, முறையியலில் அடியிலிருந்து பயிற்சி வேண்டும் என்றால் இந்த வழி.

## வழி 3: பிரிட்டன், ஐரோப்பா

இங்கே கணக்கு தலைகீழ். கேள்வி பழுத்திருக்க வேண்டும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பிரிட்டனில் மூன்று முதல் நான்கு வருடம். நுழையும்போதே ஆய்வு முன்வரைவு கேட்பார்கள், அதைப் படிக்க விரும்பும் நெறியாளர் ஒருவர் இருந்தாக வேண்டும். விண்ணப்பிக்கும் முன் அவருக்கு எழுதுங்கள். திட்ட முன்மொழிவு எழுதிப் பழகிய கை நமக்கு உண்டு, அது இங்கே உதவும் என்று நினைப்போம். பாதிதான் உதவும். நிதி முன்மொழிவில் முடிவு என்னவாகும் என்று வாக்குறுதி தருகிறோம். ஆய்வு முன்வரைவில் முடிவு தெரியாது என்பதைத்தான் நம்பும்படி எழுத வேண்டும்.

பணம் தனியாகத் தேட வேண்டியிருக்கும். பிரிட்டனின் அரசு ஆராய்ச்சி நிதியில் உதவித்தொகை 2025–26க்குக் குறைந்தது 20,780 பவுண்டு. 2021 முதல் வெளிநாட்டவரும் போட்டியிடலாம், ஆனால் ஒரு சேர்க்கையில் அதிகபட்சம் 30 சதவீதம்தான். அது இல்லாமல், வெளிநாட்டு மாணவர் கட்டணத்தைச் சேமிப்பிலிருந்து கட்டிப் படிக்கும் யோசனையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஒரு நல்ல விஷயம்: 2024 ஜனவரியில் விதிகள் இறுகிய பிறகும் ஆய்வு மாணவர்கள் குடும்பத்தை அழைத்துவர முடிகிறது, துணைவர் வேலையும் செய்யலாம்.

ஐரோப்பாவின் உள்ளே போனால் ஸ்வீடன், நெதர்லாந்து போன்ற இடங்களில் முனைவர் மாணவர் என்பவர் ஊழியர். சம்பளம், விடுப்பு, ஓய்வூதியம் எல்லாம் உண்டு. நான்கு வருட ஒப்பந்தம், ஸ்வீடனில் கற்பித்தலும் சேர்ந்தால் ஐந்து. ஜெர்மனியில் பல இடங்களில் முழுச் சம்பளத்தின் மூன்றில் இரண்டு பங்கு போல ஒரு பகுதிதான் ஒப்பந்தத்தில் இருக்கும், வேலை மட்டும் முழுதாக இருக்கும். வியன்னாவில் மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஹங்கேரி அரசின் சட்ட நெருக்கடியால் 2019இல் புடாபெஸ்டிலிருந்து அங்கே வந்தது. ஜனநாயகச் சரிவைப் படிக்க வருபவர்களுக்கு அதன் முகவரி மாற்றமே முதல் பாடம்.

மறைவான செலவு: சம்பளத்தோடு வரும் இடம் பெரும்பாலும் ஒரு பேராசிரியரின் திட்டத்துக்குள் இருக்கும். விளம்பரத்தில் கேள்வி அச்சாகியே வந்திருக்கும். பத்து வருடமாக நன்கொடையாளர் கேள்விக்குப் பதில் எழுதியவர், இன்னும் நான்கு வருடம் பேராசிரியர் கேள்விக்கு எழுதுவார். அதோடு முறையியல் வகுப்புகள் குறைவு, தெரியாததை இரவில் தானாகப் படிக்க வேண்டும். குறுகிய காலம் என்பதும் இரு பக்கமும் வெட்டும். களஆய்வில் ஒரு தேர்தல் தள்ளிப்போனால், உங்கள் ஒப்பந்தக் காலத்தில் ஒரு பெரிய பங்கு போய்விடும்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கும், 35ஐத் தாண்டியவர்களுக்கும், ஒரே வரியில் தன் கேள்வியைச் சொல்லத் தெரிந்தவர்களுக்கும் இது பொருந்தும். நான் போனதும் இந்த வழியில்தான்.

## வழி 4: வேலையோடு பகுதிநேரம்

காகிதத்தில் அழகான வழி. ஆறேழு வருடம், சம்பளம் தொடரும், கள அனுமதி கையிலேயே இருக்கும். நடைமுறையில் தேர்தல் நாட்காட்டி இதை விழுங்கிவிடும். நீண்ட காலப் பார்வையாளராக ஒரு தேர்தலுக்குப் போனால் ஒன்றரை, இரண்டு மாதம் எழுத்து நின்றுவிடும். திரும்பி வந்து அத்தியாயத்தைத் திறந்தால் வேறு யாரோ எழுதியது போலிருக்கும். இதைவிடப் பெரிய சிக்கல் இரட்டை விசுவாசம். உங்கள் அமைப்பின் திட்டம் பலன் தரவில்லை என்று தரவு சொன்னால், அதை வெளியிட யாரிடம் அனுமதி கேட்பீர்கள்? அமைப்பு எழுத்து விடுப்பையும் வெளியிடும் சுதந்திரத்தையும் கையெழுத்துப் போட்டுத் தந்தால் மட்டும் யோசிக்கலாம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | களத்தில் நீடிப்பு | அமெரிக்கா | பிரிட்டன், ஐரோப்பா | பகுதிநேரம் |
|---|---|---|---|---|
| கேள்வியின் பக்குவம் | தேவையில்லை | பாதி போதும் | முழுதாக வேண்டும் | முழுதாக வேண்டும் |
| பணம் | சம்பளம், திட்டம் உள்ளவரை | உதவித்தொகை, கட்டண விலக்கு | ஊழியர் சம்பளம் அல்லது போட்டி நிதி | சம்பளம் தொடரும், கட்டணம் கையிலிருந்து |
| காலம் | வரம்பில்லை | 5–6 வருடம் | 3–5 வருடம் | 6–7 வருடம் |
| முறையியல் பயிற்சி | வேலையில் கிடைப்பது | மிக அதிகம் | இடத்துக்கு இடம் மாறும் | பெரும்பாலும் சுயமுயற்சி |
| கள அனுபவத்தின் மதிப்பு | நேரடி | ஆய்வுக் கேள்வியாக மாற்றினால் மட்டும் | முன்வரைவில் தெரிந்தால் அதிகம் | அதிகம், ஆனால் கட்டுப்பாடுடன் |
| கண்ணில் படாத செலவு | பெயரில்லா உழைப்பு | துணைவரின் வேலை, அந்தஸ்து இழப்பு | அடுத்தவர் கேள்வி, நெருக்கும் காலம் | இரட்டை விசுவாசம் |
| திரும்பி வருவது | பொருந்தாது | தூரம் கூடிவிடும் | ஓரளவு எளிது | எளிது |

கடைசி வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. முனைவர் பட்டத்தோடு துறைக்குத் திரும்பினால் மதிப்பீட்டுப் பிரிவுகளிலும் ஆலோசகர் வேலைகளிலும் மதிப்பு உண்டு. கள அலுவலகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நாட்டு இயக்குநர் பதவிக்கு ஆறு வருடக் கள அனுபவமும் ஆறு வருட ஆய்வேடும் போட்டியிட்டால் முதலாவதுதான் பெரும்பாலும் ஜெயிக்கும். பேராசிரியர் பதவியோ, நாற்காலி குறைவு, நிற்பவர் அதிகம். பட்டம் முடித்தால் அது கிடைத்துவிடும் என்ற கணக்கில் எந்த வழியையும் எடுக்காதீர்கள்.

இந்த நான்கிலும் சேராத ஒரு பக்கவழியும் உண்டு. ஜனநாயகத்தை அளக்கும் தரவுத் திட்டங்களிலோ, மதிப்பீட்டு நிறுவனங்களிலோ ஒரு வருடம் வேலை பார்ப்பது. ஸ்வீடனின் யோத்தேபோரி பல்கலைக்கழகத்தின் வி-டெம் நிறுவனம் அந்த வகைக்கு நல்ல உதாரணம். வேலை போய்விட்டதால் பிஎச்டி பக்கம் பார்க்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரு வருடம் தரவோடு உட்கார்ந்து எழுந்த பிறகும் கேள்வி உறுத்தினால், கையில் ஒரு பேராசிரியரின் புதிய பரிந்துரைக் கடிதமும் இருக்கும்.

## எந்த வழியில் போனாலும் வரும் சிக்கல்

களத்தில் நீங்கள் பழகியவர்கள் உங்களைப் பணம் தரும் அலுவலகத்தின் முகமாகத்தான் அறிவார்கள். ஆராய்ச்சியாளராகத் திரும்பிப் போய், "இப்போது நான் மாணவன், உண்மையைச் சொல்லுங்கள்" என்றால், அவர்கள் பழைய பதிலையே தருவார்கள்: பயிற்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது, அடுத்தது எப்போது? என் முதல் 14 நேர்காணல்களை இதனால் தூக்கிப் போட்டேன். என்னை முன்பின் தெரியாத மாவட்டங்களுக்குப் போன பிறகுதான் ஒருவர், "மதியத்துக்கு மேல் யாரும் இருக்க மாட்டார்கள், கையெழுத்து மட்டும் போடுவோம்" என்றார்.

தரவும் அப்படித்தான். கண்காணிப்புப் படிவங்கள், பயனாளர் பட்டியல்கள், உள் மின்னஞ்சல்கள் எதுவும் உங்களுடையதல்ல, நீங்களே தட்டச்சு செய்தது என்றாலும். பல்கலைக்கழக நெறிமுறைக் குழு எழுத்துப்பூர்வ அனுமதி கேட்கும். ஒடுக்குமுறை உள்ள நாட்டில் ஒரு பங்கேற்பாளர் பட்டியல் கசிந்தால் யாருடைய கதவு தட்டப்படும் என்பது உங்களுக்குத் தெரியும், குழுவுக்குத் தெரியாமல் இருக்கலாம். பெயர்களையும் குறிப்புகளையும் இன்றே தனித்தனிக் கோப்புகளாக்கி விடுங்கள். பொதுவில் கிடைக்கும் அறிக்கைகளையும் நம்பி இருக்க வேண்டாம். 2025 பிப்ரவரித் தொடக்கத்தில் யுஎஸ்எய்டின் இணையதளம் முடங்கியபோது, அதை நம்பி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தவர்கள் மூலப்பிரதி தேடி அலைந்தார்கள்.

அனுமதியை வேலையில் இருக்கும்போதே கேளுங்கள். எந்தக் கோப்பு, எந்த வருடம், பெயர் நீக்கியா நீக்காமலா என்று பட்டியல் போட்டு, கையெழுத்து வாங்குங்கள். நான் கேட்டது அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்து மூன்று மாதம் கழித்து. பதில் வரவே இல்லை. அந்த வருகைத் தாள்கள், பச்சைப் பேனாக் கையெழுத்து உட்பட, இன்னும் ஏதோ ஓர் அலமாரியில் இருக்கும். அதே ஆட்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து, எத்தனை பட்டறைக்குப் போனீர்கள் என்று கேட்டுப் புதிதாக ஒரு பட்டியல் தயார் செய்ய எனக்கு எட்டு மாதம் ஆனது.